பசியில்லாத எறும்புகள்

தொண்ணூற்றேழாம் வருடம் ஆகஸ்ட் வாக்கில். கன்னடப் பக்கம், சந்தாபுராவிலிருந்து ஆனேக்கல் போகிற சாலையில், கொஞ்சம் உள்ளே தள்ளி, மூடிப்போன ஒரு கல் குவாரி இருந்தது. இது அங்கே நடந்தது.

அந்தக் குவாரியில் பதினோரு வருடம் கல் உடைத்தவன் நான். சொந்த ஊர் தருமபுரிப் பக்கம். குவாரியை மூடச் சொல்லி உத்தரவு வந்ததும் கூட இருந்தவர்கள் வேறு குவாரிகளுக்குப் போய்விட்டார்கள். அந்த நிலத்தை ஒரு நிறுவனம் எடுத்துக்கொண்டு, மறுபடி காடாக்கப் போகிறோம் என்றது. ஆள் கேட்டார்கள். குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்தில் வேலை. சேர்ந்துவிட்டேன்.

பள்ளத்தைச் சுற்றியிருந்த நிலத்தை இரண்டாகப் பிரித்தார்கள். கீழ்ப்பக்கத்தில் லாரி லாரியாகச் செம்மண் கொண்டுவந்து கொட்டி, வரிசையாகச் செடி நட்டு, குழாய் வைத்துத் தண்ணீர் விட்டோம். மேல்பக்கத்தில் ஒன்றும் நடவில்லை. சரிவில் மழைத்தண்ணீர் ஓடிவிடாமல் குறுக்கே கல் அடுக்கினோம். மாடு நுழையாமல் முள் கட்டினோம். அப்புறம் விட்டுவிட்டோம். புல் தானாக வந்தது. ரோட்டிலிருந்து பார்த்தால் கீழ்ப்பக்கம் பச்சையாக, பார்க்க அழகாக இருக்கும். மேல்பக்கம் யாரும் கவனிக்காத பொறம்போக்கு மாதிரி இருக்கும்.

அந்தக் கல் அடுக்கும்போதுதான் என் இடது கண்ணில் சில்லு பாய்ந்தது. பதினோரு வருடம் குவாரியில் படாதது அங்கே பட்டது. மிண்டோ கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெளிச்சம் மட்டும் தெரியும், ஆள் தெரியாது என்று சொல்லி அனுப்பினார்கள். அதுதான் இன்றுவரை.

என் மனைவி அத்திபெலேயில் ஒரு ஜோசியரிடம் போய்வந்தாள். ஏழரைச் சனி என்று சொல்லியிருக்கிறார். இன்னொரு கண்ணையும் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். பரிகாரம் இதுதான்: சனிக்கிழமை விடியற்காலையில் பச்சரிசி மாவில் சர்க்கரை கலந்து எறும்புக்குப் போட வேண்டும். எறும்பு அதை எடுத்துப்போய்ச் சேர்த்து வைக்கும். அதன் வாய் பட்ட மாவு இரண்டேகால் வருடம் கெடாது. அது இருக்கிறவரை சனி நம்மை ஒன்றும் செய்யாது. ஒரே ஒரு நிபந்தனை. யாரிடமும் சொல்லக்கூடாது. சொன்னால் பலன் போய்விடும்.

எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் இருப்பது ஒரு கண். அவள் ஒரு படி மாவு இடித்துத் துணியில் கட்டிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

முதல் இரண்டு சனிக்கிழமை கீழ்ப்பக்கம் போட்டேன். மோட்டார் ரூம் பக்கத்தில், கைக்கு எட்டுகிற இடம். சாயங்காலம் போய்ப் பார்த்தால் சர்க்கரையை மட்டும் எதுவோ நக்கியிருந்தது, மாவு அப்படியே கிடந்தது. பனி பட்டு, வெயிலில் காய்ந்து, ஏடு கட்டியிருந்தது. போட்ட மாவை எறும்பு எடுக்காவிட்டால் அது என்ன பரிகாரம்? மூன்றாவது வாரம் மேல்பக்கம் ஏறினேன். அங்கே கல் வரிசைக்கு நடுவே வளை வளையாக எறும்பு. ஒவ்வொரு வளை வாசலிலும் புல் விதையின் உமியை வட்டமாகக் கொட்டி வைத்திருந்தது, களத்து மேட்டில் தூற்றிய பதர் மாதிரி. போட்ட மாவு ஒரு மணி நேரத்தில் காலி. அன்றிலிருந்து மேல்பக்கம்தான். எதையும் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் எனக்கில்லை. ஒரு வளை விடாமல் ஒரு படி மாவையும் பிரித்துப் போட்டுவிட்டு வருவேன்.

ஒரு மேடம் வந்தது அதற்குப் பிறகுதான். காலேஜில் படித்துக்கொண்டே ஆராய்ச்சி செய்கிறவர். அவர்கள் குடும்பம் மல்லேஸ்வரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம். தமிழ்தான் பேசுவார், நடுநடுவே கன்னடம் வரும். பதினைந்து நாளைக்கு ஒரு சனிக்கிழமை, பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்குவார். தோளில் ஒரு பை. பையில் வெள்ளை அட்டைகள், ஒரு கடிகாரம், ராகி ஒரு டப்பா, வெல்லம் ஒரு துண்டு.

எறும்பு பார்க்க வந்திருக்கிறார் என்று சொன்னார்கள். நான் பூச்சி மருந்து அடிக்க வந்தவர் என்று நினைத்தேன். அவரே சொன்னார்:

"செடி நட்டா பச்சை வந்துடும் அண்ணா. அது வீடு கட்டி வெள்ளையடிச்ச மாதிரி. உள்ள குடித்தனம் வந்திருக்கான்னு பாக்க வேண்டாமா? அத எறும்புதான் சொல்லும்."

அது எனக்குப் பிடித்திருந்தது. எறும்பு என்ன சொல்லும் என்று நானும் பார்க்க ஆரம்பித்தேன்.

செய்வது சின்ன வேலைதான். தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு அட்டை. அதில் இருபது ராகி மணி, ஓரத்தில் கடுகளவு வெல்லம். கீழ்ப்பக்கம் ஐந்து அட்டை, மேல்பக்கம் ஐந்து அட்டை. வைத்துவிட்டு உட்கார வேண்டும். எந்த எறும்பு முதலில் வருகிறது, வெல்லத்துக்கா ராகிக்கா, தூக்குகிறதா, தூக்கினால் நேராக வளைக்குப் போகிறதா, இல்லை அங்கேயே சுற்றுகிறதா. ஒரு அட்டைக்கு அரை மணி நேரம். நான் பீடி எடுத்தேன், வேண்டாம் என்றார், புகைக்கு எறும்பு ஒதுங்கும் என்று. அதனால் பீடியும் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். எனக்கு நாலாம் வகுப்புப் படிப்பு. அவர் எண் எழுதினார், நான் எறும்பு தொட்ட ராகி மணிக்கு ஒரு கோடு போட்டேன். இரண்டும் ஒத்துப்போகும்.

கீழ்ப்பக்கத்தில் ராகியை எதுவும் தொடாது. சிவப்பாக, சின்னதாக, இப்படியும் அப்படியும் ஓடுகிற ஒரு எறும்பு மட்டும் வெல்லத்துக்கு வரும். பஸ் ஸ்டாண்டில் டீக்கடை அடியில் இருப்பதும் இதுதான் என்றேன். சிந்துகிற இடத்தில் இருக்கும், நிலையான வளை கிடையாது. மேடம் சிரித்துவிட்டு, "பஸ் ஸ்டாண்டு எறும்பு" என்று நோட்டில் எழுதிக்கொண்டார். அதற்குப் பெரிய பெயர் ஒன்று இருந்தது. ஆனால் அப்புறம் அவரும் பஸ் ஸ்டாண்டு எறும்பு என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார். எங்கே போனாலும் பிழைக்கிற எறும்பு அது, அது மட்டும் இருந்தால் நிலம் இன்னும் தேறவில்லை என்று அர்த்தம் என்றார்.

விதையைத் தூக்கிச் சேர்த்துவைக்கிற எறும்பு வேறு. அது ஒரு இடத்தில் வருடக்கணக்கில் இருக்கும். மண்ணுக்குள் ஆழமாகப் போகும். அதற்குப் புல் வேண்டும், விதை வேண்டும், கெட்டியான தரை வேண்டும். அது வந்து விதையைத் தூக்க ஆரம்பித்துவிட்டால் குடித்தனம் வந்துவிட்டது என்று எழுதலாம்.

அந்த எறும்பு மேல்பக்கத்தில் இருந்தது. அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். ஆனால் ராகியைத் தூக்கவில்லை. அட்டைக்கு வரும். மீசையால் ஒவ்வொரு மணியாகத் தொட்டுப் பார்க்கும். திரும்பிப் போய்விடும். கல்யாணச் சாப்பாடு முடித்தவனிடம் இன்னொரு தரம் பரிமாறினால் இலையை மடிப்பானே, அது மாதிரி.

மேடம் ராகியை மாற்றினார். புல் விதை வைத்தார். தினை வைத்தார். அட்டையை எடுத்துவிட்டு வெறும் தரையில் வைத்தார். எறும்பு வந்தது, தொட்டது, போனது. வளை இருக்கிறது, எறும்பு இருக்கிறது, வேலை மட்டும் செய்யவில்லை. மண்ணில் ஏதோ கோளாறு, குவாரி வெடிமருந்து மிச்சம் இருக்கலாம், கூட்டம் நலிந்து போயிருக்கலாம் என்றெல்லாம் யோசித்தார். மண்ணைப் பொட்டலம் கட்டி எடுத்துப் போனார். எனக்கும் அது ஒரு புதிராகவே இருந்தது. வீட்டில் சாப்பிடும்போதுகூட ஏன் தூக்கவில்லை என்று யோசித்துக்கொண்டிருப்பேன். விடியற்காலையில் நானே மாவு போட்டுவிட்டு, பத்து மணிக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் என்று யோசித்திருக்கிறேன். அதுவும் இதுவும் ஒன்று என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. மாவு என் வீட்டு விஷயம். அட்டை அவர் வேலை.

பிப்ரவரி மாதம் ஒரு தடவை, அந்தச் சனிக்கிழமை காலேஜில் பரீட்சை வேலை என்று, மேடம் இரண்டு நாள் முன்னதாக வியாழக்கிழமையே வந்தார். மேல்பக்கம் முதல் அட்டையை வைத்துவிட்டு ஃபிளாஸ்க்கில் இருந்து டீ ஊற்றினார். குடித்து முடிக்கவில்லை, அட்டை காலி. இரண்டாவது அட்டை, காலி. ஒரு எறும்பு ஒரு மணியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நேராக, எங்கும் நிற்காமல், வளைக்குள் இறங்கியது. பின்னாலேயே பத்து, இருபது. என் கோடுகள் நோட்டில் இடம் போதாமல் பக்கத்தில் வழிந்தன. மேடம் எழுந்து நின்று வானத்தைப் பார்த்தார். மேகம் இருக்கிறதா, ஈரம் இருக்கிறதா என்று. "இன்னிக்கு ஏன் அண்ணா? இன்னிக்கு மட்டும் ஏன்?" என்றார்.

எனக்கு அப்போதுதான் தட்டியது. அன்று வியாழக்கிழமை. போன சனிக்கிழமை போட்ட மாவு தீர்ந்துவிட்டது. இரண்டேகால் வருடம் என்றார் ஜோசியர், ஐந்து நாளிலேயே எறும்புக்குப் பசி வந்துவிட்டது.

வாயைத் திறக்கவில்லை. சொன்னால் பலன் போய்விடும். வலது கண் ஞாபகம் வந்தது. தெரியவில்லை மேடம் என்றேன். அடுத்த முறை வழக்கம்போலச் சனிக்கிழமை வந்தார். எறும்பு தொட்டது, போனது. அந்த வியாழக்கிழமையை ஒரு வட்டம் போட்டு, கணக்கில் சேராத நாள் என்று ஒதுக்கிவிட்டார்.

நடுவில் ஒரு வாரம் மாவை நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நிறுத்தவும் பயம். மனைவி வாசலில் நின்று துணியில் கட்டிக் கொடுப்பாள். வாங்கிக்கொண்டு போவேன்.

மார்ச் கடைசியில் அந்த நிறுவனத்தின் ஆபீசர் ஜீப்பில் வந்தார். கன்னடக்காரர், நல்ல மனிதர், வேகமானவர். மேடத்தின் தாள்களைப் பார்த்தார். மேல்பக்கம் தேறவில்லை என்றுதான் அதில் இருந்தது. பொய் இல்லை, கண்ணால் பார்த்ததைத்தான் அவர் எழுதியிருந்தார். அப்போ மேல்பக்கமும் செம்மண் அடித்துவிடலாம், செடி நட்டுவிடலாம் என்றார் ஆபீசர். பக்கத்தில் இன்னும் பெரிய குவாரி ஒன்று கைக்கு வருகிறது, அங்கேயும் முழுக்க இப்படியே செய்துவிடலாம் என்றார். சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து டிப்பர் லாரி வரும், மேலே வழி செய்து வை என்று என்னிடம் சொன்னார்.

ஆபீசர் போன பிறகு மேடம் கல் வரிசை மேல் உட்கார்ந்து, "எனக்கு மனசு ஒத்துக்கல அண்ணா. ஆனா எறும்பு தூக்கலயே" என்றார்.

முள் வேலியைப் பிரித்து லாரிக்கு வழி செய்தேன். செய்கிறபோதே கணக்குப் போட்டேன். இத்தனை வளை, ஒவ்வொன்றின் வாசலிலும் உமி வட்டம். இரண்டடி செம்மண் மேலே விழுந்தால் ஒன்றும் மிஞ்சாது. என் கண்ணுக்காக ஆறு மாதம் தின்னக் கொடுத்தேன். தின்றதாலேயே சாகப் போகிறது.

அந்தச் சனிக்கிழமை மாவை வாங்கிக்கொண்டு போனேன். மேல்பக்கம் ஏறினேன். போடவில்லை. மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை கல் மேல் உட்கார்ந்திருந்தேன். மேடம் வந்ததும் அவர் கையில் கொடுத்தேன்.

பிரித்துப் பார்த்தார். பிரசாதமா என்று கேட்டார். இல்லை, எறும்புக்கு என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். கண், ஜோசியர், சனிக்கிழமை, ஒரு வளை விடாமல் போட்டது, வியாழக்கிழமை தெரிந்தும் சொல்லாமல் இருந்தது. என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "ஆறு மாசம் அண்ணா" என்றார். "ஆறு மாசம் பஸ் புடிச்சு வந்து, நீங்க வயிறு ரொப்பி வெச்ச எறும்புக்கு பசிக்குதான்னு பாத்துட்டு இருந்தேனா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டட்டும் என்று நின்றேன். தூரமாக நடந்து போனார். முள் வேலி வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். கோபம் போகவில்லை. ஆனால் ஒன்று கேட்டார்.

"கீழ்ப்பக்கம் மோட்டார் ரூம் கிட்டயே போடாம, இவ்ளோ தூரம் ஏறி ஏன் இங்க வந்து போட்டீங்க?"

"கீழ போட்டுப் பாத்தேன் மேடம். எடுக்க ஆள் இல்ல. இங்கதான் இருந்துச்சு."

அவர் நோட்டை எடுத்தார். எந்த மாதம் என்றார். ஆகஸ்ட் கடைசி என்றேன். எத்தனை வாரம், எத்தனை இடம், மாவு எவ்வளவு நேரம் கிடந்தது, இங்கே எவ்வளவு நேரத்தில் தீர்ந்தது. ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். எழுதிக்கொண்டே, "நான் வர்றதுக்கு முன்னாடியே நீங்க பாத்துட்டீங்க அண்ணா, என்கிட்ட சொல்லல" என்றார். அப்புறம் நிமிர்ந்து, "இனி ரெண்டேகால் வருஷம் நான் காத்திருக்கணுமா?" என்று கேட்டார். லேசாகச் சிரிப்பு வந்தது அவருக்கு. ஐந்து நாள் போதும் மேடம் என்றேன்.

அங்கிருந்து நேராகச் சந்தாபுரா போய், எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஆபீசருக்குப் போன் போட்டார். நானும் போனேன். நடந்ததைச் சொன்னார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, வேலைக்காரர் ஒருவர் என்று மட்டும் சொன்னார். அந்தப் பக்கம் ஆபீசர் குரல் வெளியே கேட்டது. கன்னடத்தில் பிடிக்கு ஹிடி, மாவுக்கு ஹிட்டு. "ஒரு ஹிடி ஹிட்டுக்காக லாரி நிறுத்தறதா மேடம்?" என்றார். நிறுத்தத்தான் வேண்டும் என்றார் இவர். தான் கொடுத்த தாள் தப்பு, திரும்ப வாங்கிக்கொள்கிறேன், மழைக்கு முன்னால் வேறு கொடுக்கிறேன் என்றார். தன் எழுத்தைத் தப்பு என்று சொல்ல அவர் ஒரு நிமிஷம்கூடத் தயங்கவில்லை. ஆறு மாதம் தயங்கினவன் நான், பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மே மாதக் கடைசிவரை டைம் கிடைத்தது.

வீட்டில் சொன்னேன். மனைவி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சோறு போடும்போது, "சொன்னது சொல்லிட்ட. விடு. இனிமே மாவு அங்க எடுத்துட்டுப் போவாத" என்றாள். அந்த ஏழரை முடிகிறவரை காலையில் எழுந்ததும் முதலில் வலது கண்ணை மட்டும் திறந்து உத்தரத்தைப் பார்ப்பேன். தெரிகிறதா என்று. தெரிந்தது.

ஏப்ரல், மே இரண்டு மாதமும் மேடம் வாரத்தில் இரண்டு நாள் வந்தார். சனிக்கிழமையும் வந்தார், மற்ற நாளும் வந்தார். வெயில் என்பதால் ஆறரை மணிக்கே அட்டை வைத்தோம். மேல்பக்கம் தூக்கியது. ராகி வைத்தால் ராகி, தினை வைத்தால் தினை. கிழமை பார்க்கவில்லை. கீழ்ப்பக்கம் பழையபடி பஸ் ஸ்டாண்டு எறும்பு வந்து வெல்லத்தை நக்கிவிட்டுப் போனது. ராகி அப்படியே இருந்தது.

கடைசி வாரம் ஆபீசரே வந்தார். தாளில் நம்பிக்கை இல்லை, கண்ணால் பார்க்கிறேன் என்றார். இஸ்திரி போட்ட பேண்ட்டோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கீழே அரை மணி நேரம். ஒன்றும் நடக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மேலே வந்து உட்கார்ந்தார். இரண்டு நிமிஷத்தில் ஒரு எறும்பு வந்தது. ஒரு மணியைப் பிடித்தது. இழுக்க முடியவில்லை. விட்டது, வேறு பக்கம் வந்து பிடித்தது, தூக்கிவிட்டது. ஆபீசர் எழுந்து, குனிந்தபடியே அதன் பின்னால் பத்தடி நடந்தார். வளை வாசலில் உமிக் குவியலைத் தாண்டி அது உள்ளே இறங்கிற்று. அவர் அந்த உமியை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். என்ன இது என்று என்னைக் கேட்டார். தின்றது போக மிச்சம் சார், வெளியே கொட்டும் என்றேன்.

"ஆய்த்து" என்றார், ஆச்சு, சரி என்று. வேலியை மறுபடி கட்டச் சொன்னார்.

செம்மண் வரவில்லை. பக்கத்துக் குவாரியிலும் பாதிக்கு மேல் கல் அடுக்கி, முள் கட்டி விட்டோம். அந்தக் கல்லையும் நான்தான் அடுக்கினேன், இந்தத் தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு. மேடம் தன் புத்தகத்தில் நடந்ததை அப்படியே எழுதினார். எறும்புகளுக்கு ஆறு மாதம் தீனி கிடைத்தது தெரியாமல் பார்த்தவை தள்ளப்பட்டன என்று எழுதியிருப்பதாகப் படித்துக் காட்டினார். கீழே போட்ட மாவு இரண்டு வாரமும் அப்படியே கிடந்ததையும் எழுதினார். பெயர் போடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

நான் செய்தது தப்பு. அந்தத் தப்புக்குள்ளேதான், எந்தப் பக்கம் உயிர் வந்திருக்கிறது என்பதற்கு முதல் சாட்சியும் இருந்தது. வாய் திறந்திராவிட்டால் இரண்டும் அந்தச் செம்மண்ணுக்கு அடியிலே போயிருக்கும்.